கூடத்தில் வரைந்த படகு

துறைமுகத்துப் பக்கம் மெத்தைக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். சோபா, நாற்காலி, கார் சீட், படகில் போடும் திண்டு, எது கிழிந்தாலும் அவள் கடைக்குத்தான் வரும். உதட்டோரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசி இருப்பதால் அவள் பேச்சில் பாதி பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். தலைமுடியில் ஸ்பாஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும். பிறத்தியார் சொகுசாக உட்காரவும் சாயவும் வழி செய்துகொடுத்தே ஐம்பது வயதைத் தாண்டியவள். அப்படிப்பட்டவள், யாரும் கட்டாயப்படுத்தாமல், ஒரு பலகையில் முடங்கிப் படுத்தபடி பெருங்கடலைக் கடக்கக் கிளம்பினாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதுவும் அறுந்து விழக்கூடியது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. அறுந்து விழாமல் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். கடல் பக்கம் போகவே மாட்டார். கடலில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்பது அவர் சொல்லும் குறை.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் ஓடும் இருட்டுச் சந்துக்குள், பெட்டியின் தலைமேல் ஒருவர் நின்று வேலை பார்ப்பார். இன்னொருவர் பட்டனருகே நிற்பார். மேலே இருப்பவர் தான் செய்யப்போவதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "மேலே போறேன்." துணைக்கு நிற்பவர் அதைக் காதில் வாங்கி, யோசித்து, "மேலே போ" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாதவரை எதுவும் அசையக் கூடாது. இந்த வழக்கத்தால் அவர் தலைக்கு மேலே இதுவரை எதுவும் விழுந்ததில்லை. அதனால் அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பல்பு மாற்ற அவள் ஸ்டூலில் கால் வைக்கும்போது, "ஏறுறேன்" என்று சொல்ல வேண்டும். அவர் எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்து, ஸ்டூலின் நாலு காலையும் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏறு" என்பார். கொதிக்கும் எண்ணெயை இறக்குவது, மொட்டை மாடிக் கதவைத் திறப்பது, எல்லாவற்றுக்கும் இப்படித்தான். அவர்கள் மகள் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தாள். சின்ன வயதில் ஒரு தோழி வீட்டில் "தண்ணி குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றாளாம். அந்தக் குழந்தை வளர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் ஒரு பல் டாக்டரம்மா கிழிந்த பாயுடன் நுழைந்தார். படுக்கிற பாய் அல்ல, படகுப் பாய். அதைத் தைத்துக் கொடுக்க வேண்டும். தைத்த பாயை மெத்தைக்காரம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கேதான் வினை.

"இதுலயா கடலைத் தாண்டி வந்தீங்க, டாக்டரம்மா?"

"ஆமா."

"மீதி எங்க?"

"மீதியா? இதுதான்மா முழுசும்."

இரண்டு பெரிய சோபாக்களை வரிசையாகப் போட்டால் எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் நீளம். உள்ளே ஆள் நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது.

"ஏன் இவ்வளவு சின்னதா வச்சிருக்கீங்க?"

"பெருசா இருந்தா சொந்தக்காரங்க நானும் வரேம்பாங்க."

வாயைத் திறந்தபடி கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர் பல் டாக்டரம்மா. யாரும் குறுக்கே பேசமாட்டார்கள் என்ற தைரியத்தில் நீளமாகப் பேசுவார். கடலுக்குப் போனால் பெரிய படகு, சின்னப் படகு என்ற வித்தியாசமே கிடையாது, எல்லாமே சின்னதுதான் என்றார். அலையோடு பெரிய கப்பல் மல்லுக்கட்டும், சின்னப் படகு கார்க் மாதிரி அதன் முதுகில் ஏறி இறங்கிவிடும் என்றார். அடியில் கனத்த இரும்பு இருக்கிறது, புரண்டாலும் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆனால் அது நிமிர்கிற நேரத்தில் உள்ளே இருக்கும் சட்டி பானையோடு நாமும் சுற்ற வேண்டியிருக்கும். கப்பல்காரன் கண்ணுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் குப்பை என்று நினைப்பான். ஆனால் புயலும் கப்பலும் சாகடித்ததைவிட, காற்றில்லாத நல்ல நாளில் கால் தவறி விழுந்து செத்தவர்கள்தான் அதிகம் இருக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். "பயமா இருக்கிறப்போ எல்லாரும் ஒழுங்கா இருப்போம். வெயில் அடிச்சு, பாட்டு வாயில வந்துச்சுன்னா அப்பதான் ஆபத்து."

இவ்வளவையும் கேட்ட மனுஷி பயந்து வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். மெத்தைக்காரம்மாவோ படகுக்குள் போய் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். அடுப்பு கைக்கு எட்டியது. தண்ணீர்க் குடுவை எட்டியது. கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது, அதுவும் எட்டியது. வீட்டில் மூன்று அலமாரி இருந்தும் கத்தரிக்கோல் கிடைத்ததே இல்லை. இங்கே எதையும் தொலைக்க முடியாது. தொலைக்கிற அளவுக்கு எதையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு திண்டு தனக்கென்று இருந்ததுபோல அவளுக்குப் பட்டது. அந்தத் திண்டு மட்டமான தையல் என்பதையும் அவள் கவனிக்கத் தவறவில்லை.

அதன்பிறகு ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பல் டாக்டரம்மாவோடு கரையோரமாகப் பாய் விரித்துப் பழகினாள். டாக்டரம்மாவுக்கு இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்தபோது, அவர் வீட்டிலிருந்த சோபா, நாற்காலி அத்தனையையும் புதுசாகத் தைத்துக் கொடுத்துப் படகைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கணவரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்தாலும் எதனால் என்று தெரியாது பாருங்கள்.

"என்னங்க. நான் அந்தப் படகுல கடலைத் தாண்டுறேன்."

பழக்க தோஷம், அவர் தொண்டையைச் செருமிவிட்டார். வாயும் திறந்தது. ஆனால் திருப்பிச் சொல்லவில்லை. இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீ வாய்விட்டுக் கேட்டது ரெண்டே ரெண்டுதான். முதல்ல தையல் மெஷின் கேட்ட. ரெண்டாவது இதுவாத்தான் இருக்கணுமா?"

"வேணாம்னு சொல்றீங்களா?"

"வேணாம்னு சொல்ல மாட்டேன். அதுக்காகச் சரின்னும் சொல்ல மாட்டேன்."

மகள் நேரில் வந்து கத்தினாள். "எங்க கம்பெனில நாய்க்கடிக்குப் பாலிசி இருக்கு. கல்யாணம் நின்னுபோனா அதுக்கும் இருக்கு. நீ பண்ணப்போறதைச் சொன்னதும் மேனேஜர் எழுந்துபோய்த் தண்ணி குடிச்சார்மா!"

"நல்ல மனுஷன். நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

பிறகு லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கூடத்துத் தரையில் பசை நாடாவை ஒட்டி, படகை அச்சு அசலாக, அதே அளவில் வரைந்தார். மனைவியை அதற்குள் உட்காரவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதற்குள்ளேயே சாப்பிட்டு, தூங்கி, தையல் வேலையும் பார்த்தாள். நாடாவைத் தாண்டிக் கால் வந்தால், "செத்துட்ட" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார். இரண்டு வாரத்தில் அவள் சாவது கணிசமாகக் குறைந்தது.

பிறகு இடுப்புப் பட்டை. ஒரு முனை இடுப்பில், மறு முனையில் கொக்கி, கொக்கி படகில். பட்டை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். வேலை செய்ய வேண்டிய எல்லா இடத்துக்கும் எட்ட வேண்டும். ஆனால் ஓர் அங்குலம்கூட அதிகம் இருக்கக் கூடாது. அவளை நடக்கவைத்து, குனியவைத்து, அளந்துகொண்டே வந்தவர் படகின் பின்முனைக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு சிவப்பு சோபா. வெளிநாடு போன வாடிக்கையாளர் ஒருவருடையது, கடையில் இடமில்லாமல் வீட்டுக்கு வந்தது. படகின் கடைசிப் பகுதி சோபாவுக்கு அடியில் போயிருந்தது.

"இதை நகத்தணும்."

"ஐயோ, கஸ்டமர் சோபாங்க. கால்ல கீறல் விழும். அந்த மூலைல எனக்கு ஒரு வேலையும் இல்ல. சோபா வரைக்கும் அளந்தா போதும்."

தொழில் சுத்தம் என்பது சில சமயம் இப்படித்தான் வேலை செய்யும். உயிர் போகிற விஷயத்தில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதவர், சோபாக் காலுக்காக ஒரு முழம் விட்டுக்கொடுத்தார். இருவருமே அதை அன்றைக்கே மறந்தும் போனார்கள். அவள் பட்டையை மூன்று வரிசைத் தையல் போட்டு முடித்தாள். முடித்த கையோடு, மெத்தையைத் தூக்கப் பக்கவாட்டில் வைக்கும் துணிக் கைப்பிடிகளையும் தைத்துப் படகின் இரண்டு விளிம்பிலும் வரிசையாகத் திருகினாள். பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "படகை யாராவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகப்போறாங்களா?" என்று சிரித்தார்.

"பழக்கம்" என்றாள் அவள்.

கடைசியாகக் கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "கொக்கியைக் கழட்டுறதுன்னா நான் திருப்பிச் சொல்லணும்."

"நடுக்கடல்ல நீங்க எங்க இருப்பீங்க?"

"அதான் சொல்றேன்."

அவள் முறைத்தாள். அவர் இறங்கிவந்தார். "சரி. எதைச் செஞ்சாலும் வாய்விட்டுச் சொல்லு. அப்புறம் எனக்கும் சேத்து நீயே திருப்பிச் சொல்லிக்கோ. ஆனா நான் சொல்ற மாதிரி சொல்லணும். உனக்குச் சௌகரியமா இருக்கிற மாதிரி சொல்லக் கூடாது."

கிளம்பும் நாளில் காற்று நன்றாக இருந்தது. மகள் அழுது முடித்துவிட்டு, படகு எங்கே போகிறது என்று புள்ளியாகக் காட்டும் கருவி தன் போனில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்து ஆள் கயிற்றை அவிழ்க்கத் தயாராக நின்றார். மெத்தைக்காரம்மா கரையைப் பார்த்துச் சொன்னாள்:

"போயிட்டு வரேன்."

லிஃப்ட்காரர் செருமினார். மறுபடியும் செருமினார். வார்த்தை வரவில்லை.

"அம்மா, அவிழ்க்கட்டுமா?" என்றார் துறைமுகத்து ஆள்.

"இருப்பா. அவர் சொல்லட்டும்."

"என்ன சொல்லணும்?"

"அது எங்க வீட்டு விஷயம்."

கடல் அலையடித்தது. பின்னால் வந்து நின்ற மீன்பிடிப் படகுக்காரர்கள் வழி கேட்டு ஹாரன் அடித்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஆள் கயிற்றைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கவில்லையென்றால் அவள் இறங்கியிருப்பாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். சும்மா இருந்தாலே போதும், அவர் ஜெயித்துவிடலாம். வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்து ஜெயிக்கும் கணவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர் கடைசியாக, படகின் கயிறு, பாய்மரம், கொக்கி மூன்றையும் ஸ்டூல் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போயிட்டு வா."

கடலைப் பற்றி அவள் பிறகு சொன்னதெல்லாம் நன்றிக் கணக்காகவே இருந்தது. முதல் வாரம் குடலே வாய்க்கு வந்தது. அதற்குப் பிறகு நின்றதே, அதற்கு நன்றி. தான் தைத்த அருமையான மெத்தை உப்புத் தண்ணீரில் ஊறிக் கல்லாகிவிட்டது. பலகையில் படுத்தால் முதுகுவலி போகிறது என்று தெரிந்ததே, அதற்கு நன்றி. அந்த ரகசியத்தை அவள் வாடிக்கையாளர்களிடம் இன்றுவரை சொன்னதில்லை. சுவர்போல ஒரு கப்பல் பக்கத்தில் போனது, இவளைப் பார்க்கவே இல்லை. பார்க்காவிட்டாலும் இடிக்காமல் போனதே, அந்தக் கப்பல்காரனுக்கு நன்றி. மழை பெய்து குடுவை நிறையும்போது, பாய் ஒழுங்காகக் காற்றை வாங்கி, படகு தன்பாட்டுக்கு ஓடும்போது, இவ்வளவு பெரிய இடத்தில் தன்னிடம் யாரும் எதுவும் கேட்காமல் விட்டிருக்கிறார்களே என்று அவளுக்குக் கண் கலங்கும். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால் பொதுவாகச் சொல்லி வைப்பாள்.

கணவரிடம் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினாள். "பாயை இறக்குறேன்" என்பாள். பிறகு செருமிக்கொண்டு, குரலைத் தடியாக்கி, "இறக்கு" என்பாள். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. போகப்போக அந்தத் தடிக்குரல் வந்தால்தான் கை வேலை செய்யும் என்றாகிவிட்டது.

டாக்டரம்மா சொன்ன அந்த வெயில் நாள் பாதிக்கடல் தாண்டிய பிறகு வந்தது. மெல்லிய காற்று. படகு ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் வாயில் பாட்டு. பின்பக்கச் சுக்கானில் யாரோ வீசிய மீன்வலைத் துண்டு சுற்றிக்கொண்டது. எடுக்கப் போனாள். பட்டை இழுத்தது. கையை எக்கினாள். எட்டவில்லை. சரியாக ஒரு முழம் குறைந்தது. அப்போதுதான் அந்தச் சிவப்பு சோபா ஞாபகம் வந்தது.

சோபாவையும், கஸ்டமரையும், தன் புத்தியையும் திட்டினாள். கடல் பால்போலக் கிடந்தது. ஒரே நிமிஷ வேலை. கொக்கியில் கையை வைத்தாள்.

"கழட்டுறேன்."

செருமினாள். தடிக்குரலில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. வரவில்லை. மறுபடி செருமினாள். எத்தனையோ வார்த்தையை அந்தக் குரலில் சொல்லியிருக்கிறாள்; இந்த ஒரு வார்த்தையை அந்தக் குரல் சொல்ல மறுத்தது. அந்த மனுஷன் இதை எப்படிச் சொல்வார்? கூடத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து "செத்துட்ட" என்பார். அதை வேண்டுமானால் அச்சு அசலாக அவர் குரலிலேயே சொல்ல வந்தது.

"சரிங்க, சரிங்க" என்று சலித்துக்கொண்டு, நீளக் கொம்பை எடுத்து வர எழுந்தாள். எங்கேயோ அடித்து ஓய்ந்த புயலின் மிச்சமாக ஓர் அலை, சத்தமில்லாமல், பக்கவாட்டில் வந்து படகைத் தூக்கிச் சாய்த்தது. பாயின் அடிக்கட்டை சுழன்று வந்து தோளில் அறைந்தது. அடுத்த கணம் அவள் வெளியே இருந்தாள்.

மகளின் போனில் புள்ளி அன்றைக்கும் ஒழுங்காக நகர்ந்தது. "அம்மா நல்லாப் போயிட்டிருக்காங்கப்பா" என்றாள் மகள். படகு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் நடந்து போகிறவரை நீந்திப் பிடிக்க முடியாது.

கொக்கி மாட்டியே இருந்தது. பட்டை இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்திருந்தால் அவள் முழுக்கத் தண்ணீருக்குள் போய், படகுக்குப் பின்னால் இழுபட்டு மூச்சுத் திணறியிருப்பாள். குட்டையாக இருந்ததால் இடுப்பு வரைதான் தண்ணீர். உலர்த்தப் போட்ட துணிபோலப் படகின் ஓரத்தில் தொங்கினாள். அடிபடாத கையை வீசினாள். மெத்தைக் கைப்பிடி ஒன்று அகப்பட்டது. வாழ்நாளெல்லாம் பிறத்தியார் மெத்தையைத் தூக்குவதற்காகத் தைத்த கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு தன்னையே தூக்கினாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, கால் போட்டு, வயிற்றால் ஊர்ந்து உள்ளே விழுந்தாள்.

வெகுநேரம் அப்படியே கிடந்தாள். பிறகு "டீ போடுறேன்" என்றாள். செருமி, "போடு" என்றாள். பற்கள் தந்தியடித்ததால் இரண்டு குரலும் ஒரே மாதிரி கேட்டது. சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்துவிட்டு, தப்பாக அளந்த மனுஷனுக்கும், நகராத சோபாவுக்கும் சத்தமாக நன்றி சொன்னாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது; சோபா எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததால் விட்டுவிட்டாள். வலைத் துண்டை நீளக் கொம்பால், உட்கார்ந்தபடியே எடுத்தாள்.

அக்கரைத் துறைமுகத்தில் அவள் படகு நுழைந்தபோது கணவரும் மகளும் விமானத்தில் முன்கூட்டியே வந்து நின்றிருந்தார்கள். லிஃப்ட்காரர் மேடையின் விளிம்புக்கே வந்திருந்தார். தண்ணீரிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு கை விளக்குக் கம்பத்தைப் பிடித்திருந்தது. ஆள் இளைத்துவிட்டார். கடலைத் தாண்டியது அவர்தானோ என்று சந்தேகம் வரும்.

மகள்தான் கத்தினாள். "அம்மா! கறுத்துட்டம்மா!"

"மாவு மில்லுக்கா போயிட்டு வந்தேன், வெள்ளையா வர்றதுக்கு?"

துறைமுகத்து ஆள் ஒருவர் கயிற்றை வாங்கிக் கட்டினார். படகு நின்றது. அவள் இறங்க எழுந்தாள். பட்டை இழுத்தது. இத்தனை நாளும் கூடவே இருந்த பட்டை. கை தானாகக் கொக்கிக்குப் போனது, வாய் தானாகச் சொன்னது:

"கழட்டுறேன்."

லிஃப்ட்காரர் கட்டிய கயிற்றைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். படகுக்கும் மேடைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கழட்டு."

அவள் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று மேடையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. துறைமுகத்து ஆள் வெயிலின் வேலை என்று முடிவுகட்டித் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

"என்னாச்சு? அடிகிடி பட்டுச்சா? எதுக்கு இப்படி உக்காந்துட்ட?"

"ஒண்ணுமில்லங்க. அந்தச் சிவப்பு சோபாவைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பொண்டாட்டி சமுத்திரத்தைத் தாண்டி வந்து கேக்கிற கேள்வியாடி இது? இல்ல, கூடத்துலயேதான் கிடக்கு. அந்த ஆள் இன்னும் வரல."

"நல்லதாப் போச்சு. வேற ஒண்ணு தச்சுக் கொடுத்துடலாம். அது நம்ம வீட்டுலயே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சாப்பிடும்போது சொல்றேன்." கொக்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் தள்ளாடியது, நிலம் ஆடவில்லை என்பதை அது நம்பவில்லை. விளக்குக் கம்பத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டியபடி குனிந்து நின்ற மனுஷனைப் பார்த்தாள்.

"இறங்குறேன்."

"இறங்கு" என்றார் அவர். இந்தத் தடவை செருமவில்லை.